தன் கையாற் கட்டிய கலம்

கடல் வரலாற்றை எழுதியோர் கலஞ் செலுத்தியோரின் பெயரைப் போற்றியுள்ளனர். கலஞ் சமைத்தோரின் பெயரைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். 1492ஆம் ஆண்டு அத்திலாந்திக்கைக் கடந்த கொலம்பசை அறியாதார் இலர். அவர் ஏறிச்சென்ற 'சாந்த மரியா'வின் ஏராவை இட்ட ஓடாவி யாவர் என்று வினவுவாரும் இலர். செலுத்துவோன் ஒருவன், சமைப்போன் வேறொருவன் என்பதே பெருங்கப்பல்களின் வழக்காதலின் இக்குறை நேர்ந்தது. அவ்விருவரும் ஒருவராகவே அமைந்த வாழ்க்கை வரலாற்றில் அரிது. அவ்வாறு அமைந்தவர் யோசுவா சுலோக்கம் என்னும் அமெரிக்க மாலுமி. 1895ஆம் ஆண்டு தொடக்கம் 1898ஆம் ஆண்டு வரை, தன் கையாற் கட்டிய 'ஸ்பிறே' என்னும் சிறு மரக்கலத்தில், துணையெவருமின்றி உலகை வலம்வந்த முதல் மனிதர் அவரே.

இச்செயலைப் போற்றுவோர் பெரும்பாலும் அவருடைய துணிவையே போற்றுவர். துணிவு அவரிடம் மிக்கிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் துணிவொன்றே துணையாகக் கடலுட் புகுந்தோர் பலர் மீண்டிலர். சுலோக்கம் மீண்டு வந்தமைக்குக் காரணம் வேறிடத்தில் தேடற்பாலது. அவர் பயணத்தின் வெற்றி கடலில் தொடங்கிற்றன்று. மசாச்சூசெற்ஸ் மாநிலத்துச் சிற்றூரொன்றின் புல்வெளியில், பதின்மூன்று மாதத் தச்சுவேலையில் தொடங்கிற்று. இதனைத் தெளிதற்கு அவர் வாழ்க்கையை முதலிலிருந்து நோக்குதல் வேண்டும்.

சுலோக்கம் 1844ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 20ஆம் நாள், இன்று கனடாவின் பகுதியாயுள்ள நோவா ஸ்கோஷியாவிற் பிறந்தார். அக்கரையோரத்து மக்களுக்குக் கடலே வயல். அவர் தந்தையாரோ கமத்தை விட்டுப் பாதரட்சை தைக்குந் தொழிலை மேற்கொண்டவர். மகனையும் அத்தொழிலிலேயே இருத்த விரும்பினார். பன்னிரண்டு வயதளவில் மைந்தன் மறைவாகச் செய்துகொண்டிருந்த சிறு கப்பலுருவொன்றைத் தந்தையார் கண்டு, சினந்து, அதனை உடைத்தெறிந்தார் என்பர். சிறுவனின் பள்ளிப்படிப்பும் மூன்றாம் வகுப்பளவில் நின்றுபோயிற்று. பதினாறாம் வயதில், தாயார் இறந்தபின், அவர் வீட்டைவிட்டுக் கப்பலேறினார். உடைந்த அக்கப்பலுருவுக்கு ஈடாக அவர் பின்னாளிற் பல கலங்களைச் சமைத்தார்.

அடிநிலை மாலுமியாகத் தொடங்கிய அவர் விரைவில் மீகாமனாக உயர்ந்தார். அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். 1871ஆம் ஆண்டு சிட்னி நகரில் வேர்ஜினியா உவாக்கர் என்னும் மங்கையை மணந்தார். அவ்வம்மையார் கணவருடன் கப்பலிலேயே வாழ்ந்து, அங்கேயே மக்களைப் பெற்று வளர்த்தார். பிலிப்பைன் தீவுகளின் சூபிக் குடாவில் அவ்வூர்த் தொழிலாளரைக் கொண்டு 150 தொன் நீராவிக் கப்பலொன்றின் உடலைச் சுலோக்கம் கட்டிமுடித்தார். அதற்குரிய கூலியின் ஒரு பகுதியாகப் 'பற்றோ' என்னும் சிறு பாய்க்கப்பலைப் பெற்றார். எனவே, கப்பலை நடத்தும் கலையும் கட்டும் கலையும் அவரிடத்து ஒருங்கே வளர்ந்தன. 'நோதேண் லைற்' என்னும் மும்மரப் பாய்க்கப்பலின் தலைமையே அவர் பெற்ற பதவிகளுட் சிறந்தது.

ஆனால், அவர் உயர்ந்த காலமே பாய்க்கப்பல்கள் தாழ்ந்த காலமாயிற்று. 1869ஆம் ஆண்டிற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. காற்றை எதிர்நோக்கிக் காத்திராத நீராவிக் கப்பல்கள் அவ்வழியே கிழக்குத் திசை வணிகத்தைக் கவர்ந்தன. பாயை நம்பிய மீகாமர்களுக்கு ஆண்டுதோறும் வேலை அருகிற்று. 1884ஆம் ஆண்டு புவெனஸ் அயர்சில் வேர்ஜினியா இறந்தார். சுலோக்கம் தமது பொருளையெல்லாம் இட்டு வாங்கிய 'அக்குவிட்னெக்' என்னுங் கப்பல் 1887ஆம் ஆண்டின் இறுதியிற் பிறேசில் நாட்டுப் பரணாகுவாக் குடாவில் மணற்றிட்டில் ஏறிச் சிதைந்தது. அதற்குக் காப்புறுதி இருக்கவில்லை. இரண்டாம் மனைவியாருடனும் மைந்தர் இருவருடனும் அயல்நாட்டுக் கரையிற் கையிற் பொருளின்றி அவர் நின்றார்.

அந்நிலையிற் பிறர் தூதரகத்தின் உதவியை நாடி, வேற்றுக் கப்பலிற் பயணிகளாய் ஊர் திரும்பியிருப்பர். சுலோக்கம் கோடரியையும் வாய்ச்சியையும் எடுத்தார். உடைந்த கப்பலிலிருந்து மீட்ட பொருள்களையும் காட்டுமரத்தையுங் கொண்டு 35 அடி நீளமுள்ள படகொன்றைக் கட்டினார். ஆணிகளின் முனையை மடக்கி இறுக்கும் வில்லைகளுக்குச் செப்பு நாணயங்களை வெட்டித் துளையிட்டுப் பயன்படுத்தினார். பாய்களைச் சீனநாட்டுச் சம்பான்களின் முறையில் மூங்கிற் சட்டங்களுடன் அமைத்தார். அவற்றைத் தைத்தவர் மனைவியார். அப்படகு 1888ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது. பிறேசிலில் அடிமைகள் விடுதலை பெற்ற நாளும் அதுவே. ஆகலின் அவர் அதற்குப் போர்த்துக்கேய மொழியில் விடுதலையைக் குறிக்கும் 'லிபர்டாடே' என்னும் பெயரைச் சூட்டினார். கடலில் 55 நாள் கழித்து, 5,500 மைலுக்கு மேலோடி, அக்குடும்பம் அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்திலே தென் கரோலினாக் கரையை அடைந்தது. பிற்காலப் பெரும்பயணத்துக்கு இதுவே ஒத்திகை எனலாம்.

ஊர் திரும்பியவருக்கு வேலை கிட்டவில்லை. 1892ஆம் ஆண்டு மாரிகாலத்திற் பொஸ்ரன் துறைமுகத்தில் அவர் நின்றபோது, அறிமுகமான முதிய திமிங்கில வேட்டை மீகாமர் ஒருவர், பெயர்ஹேவன் என்னும் ஊருக்கு வந்தால் ஒரு கப்பல் தருவதாகவும், அதற்குச் சிறிது பழுதுபார்க்க வேண்டியிருக்குமென்றுங் கூறினார். மறுநாள் அங்கு சென்ற சுலோக்கம் கண்டது நீரிலிருந்து ஒதுங்கி, வயலொன்றில் முட்டுக் கொடுக்கப்பட்டு, கித்தானாற் போர்த்தப்பட்டிருந்த பழைய மீன்பிடிக் கலமொன்றையே. ஏழாண்டாக அது அங்கே கிடந்தது. வந்தவர் அதனை உடைத்து விறகாக்கப் போகின்றார் என்றே ஊரார் எண்ணினர். திருப்பிக் கட்டப்போவதாக அவர் கூறியதைக் கேட்டு வியந்தனர்.

அவர் முதலிற் செய்தது அயலில் நின்ற கருவாலி மரமொன்றை ஏராவுக்காக வெட்டி வீழ்த்தியதே. வங்குக்கால்களுக்கு நேரிய இளமரங்களைத் தெரிந்து செதுக்கி, நீராவிப் பெட்டியிலிட்டு இளகச் செய்து, மரக்குற்றியின்மேல் வளைத்து, ஆறும்வரை பிணித்துவைத்தார். அணியத்து முன்மரத்தை மேய்ச்சற்றரையிலே தனித்து நின்ற வெண்கருவாலியின் அடிப்பாகத்திலிருந்து எடுத்தார். செறிந்த காட்டில் ஒளிதேடி நெடிதாய் வளரும் மரத்தினும், வெளியிற் காற்றோடு பொருது வளரும் மரம் வைரம் மிக்கது என்பதை அவர் அறிந்திருந்தார். புறப்பலகைகள் ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள ஜோர்ஜியாப் பைன். பாய்மரம் நியூ ஹம்ஷயர் மாநிலத்து ஸ்புறூஸ். ஒவ்வொரு மரத்தையும் அதன் இயல்பறிந்து அதற்குரிய இடத்தில் வைத்தமையே அக்கலத்தின் வலிமைக்கு மூலம்.

பழைய மீகாமர்கள் நாள்தோறும் வேலைத்தலத்துக்கு வந்து பார்ப்பர், குறை கூறுவர், அறிவுரையுந் தருவர். பலகை மூட்டுக்களிற் பருத்தி நூலை அடைத்துக் கலப்பற்றுச் செய்தபோது, அந்நூல் நகர்ந்து வெளிவந்துவிடும் என்று எச்சரித்தார் ஒருவர். சுலோக்கம் தம் வழியிற் பிழையின்றெனக் கண்டு, பருத்தியின்மேற் சணற்றும்பு வைத்து வேலையை முடித்தார். செலவுக்குப் பணம் குறைந்தபோதெல்லாம், துறைமுகத்திற் பயணத்துக்கு ஆயத்தமாகிய திமிங்கிலக் கப்பல்களிற் கூலிவேலை செய்து ஈட்டினார். பொருட்செலவு 553 டொலர் 62 சதம். உழைப்பு 13 மாதம். முடிவுற்ற கலத்தின் நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். உள்ளாழம் 4 அடி 2 அங்குலம். அடிப்பாரமாக உள்ளே கொங்கிறீற்றை இட்டு, அது பெயராதபடி முட்டுக்கள் கொடுத்தார்.

பழைய கலத்தின் உறுப்புக்கள் யாவும் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டபின் எஞ்சியது பழைய கலமா, புதிய கலமா? கிரேக்கரின் தீசியஸ் ஏறிய கப்பலைப்பற்றிப் புளூட்டாக் எழுப்பிய வினாவும் இதுவே. ஏதென்ஸ் நகரத்து மெய்யியலாருக்கு அது வாதத்துக்குரிய பொருள். சுலோக்கமும் இதனை எண்ணிப் பார்த்துக் கப்பற்றுறை வழக்கையே விடையாகக் கொண்டார்: சிறிது சிறிதாகப் புதுக்கப்பட்ட கலம் முழுவதும் புதிதானாலும் பழைய பெயரையே தாங்கும். அவ்வாறே 'ஸ்பிறே' என்னும் பெயர் நிலைத்தது. தொழிலிழந்து கரையில் ஒதுக்கப்பட்ட மீகாமரும், நீரிழந்து வயலில் ஒதுக்கப்பட்ட கலமும் ஒருங்கே புத்துயிர் பெற்றமை இவ்வரலாற்றிற் கருதத்தக்கது.

1895ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 24ஆம் நாள், தமது 51ஆம் வயதில், அவர் பொஸ்ரனிலிருந்து பாய்விரித்தார். முதலிற் குளொஸ்ரர் என்னும் மீன்பிடித் துறைமுகத்தில் ஏறத்தாழ இரு வாரம் தங்கிப் பொருள்களைச் சேர்த்தார். கலத்தில் ஏற்றுதற்குச் சிறுதோணி வேண்டியிருந்தது. முழுத்தோணிக்கு இடம் போதாது. ஆகவே, பழைய தோணியொன்றை நடுவே குறுக்காக அறுத்து, வெட்டுவாயைப் பலகையால் அடைத்துக்கொண்டார். அப்பாதித்தோணி கரைசேரும் படகாகவும் துணிவெளுக்குந் தொட்டியாகவும் உதவிற்று. காலங்காட்டும் நுண்கருவியைச் செப்பனிடப் பதினைந்து டொலர் வேண்டியிருந்தமையால் அதனை விட்டு, முகப்புடைந்த தகரக் கடிகாரமொன்றை ஒரு டொலருக்கு வாங்கினார்.

அக்கலத்தின் தகைமை அத்திலாந்திக் கடலிலேயே வெளிப்பட்டது. அசோர்ஸ் தீவுகளை விட்டபின், பழங்களையும் வெண்பாற்கட்டியையும் மிகுதியாய் உண்டமையால் வயிற்றுநோயுற்றுச் சுலோக்கம் உணர்விழந்து கிடந்தார். கொலம்பசின் 'பிந்தா' என்னும் கப்பலின் மாலுமி தம் சுக்கானைப் பிடித்து நிற்பதாக அவருக்கு உருவெளித் தோற்றம் உண்டாயிற்று. மறுநாட் காலை வெளிவந்து நோக்கியபோது, கொந்தளித்த கடலிற் கலம் தான் விட்ட திசையிலேயே இரவிடை ஏறத்தாழ 90 மைல் ஓடியிருக்கக் கண்டார். உண்மையிற் சுக்கான் பிடித்தது கலமே. நீண்ட ஏராவும் பாய்களின் அமைவும் ஒன்றற்கொன்று நிகராய் நின்றமையால், சுக்கானைக் கட்டிவிட்டால் அது நெறிபிறழாது ஓடிற்று. பின்னர் இந்துமாகடலில், வியாழன் தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரை 23 நாளில் 2,700 மைல் ஓடியபோது, அவர் சுக்கானருகே நின்றது மொத்தம் மூன்று மணி நேரமளவே. தனியொருவன் உறங்கியெழுந்து உலகைச் சுற்றுதல் இவ்வியல்பின்றி இயலாது. 1909ஆம் ஆண்டு கப்பல் வரைவறிஞர் ஒருவர் இதன் வடிவைக் கணித்து, இச்சமநிலையை வியந்து எழுதினார்.

செலுத்துவோனே கட்டியவனாதலின் பழுதுகள் அவரை முடக்கவில்லை. மகலன் நீரிணையைக் கடந்து பசிபிக்கில் நுழைந்தவுடன் புயல் எழுந்து பெரும்பாயைக் கந்தலாக்கிற்று. கலம் தெற்கே தள்ளுண்டு, பாறைகளிடையே வெண்ணுரை கொதிக்கும் நீர்ப்பரப்பில் இரவெல்லாம் உழன்று, மீண்டும் நீரிணைக்குள் வந்து சேர்ந்தது. ஒதுக்கிடம் நாடிப் பாய்களைத் தைத்தும், பிற்பக்கத்திற் சிறு பாய்மரமொன்றைச் சேர்த்துக் கலத்தின் அமைப்பையே மாற்றியும் அவர் மறுமுறை புறப்பட்டார். கீலிங் தீவுகளில் முன்மரம் பவளப்பாறைத் திட்டொன்றை மோதிப் பிளந்தது. மரத்தில் வடுவும் ஏற்படவில்லை. தென் பசிபிக்கில் நிலவின் நிலையைக் கொண்டு நெடுங்கோட்டைக் கணித்தபோது விடை பெரிதும் பிழைத்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட அம்மாலுமி தம் கணக்கை ஆராய்ந்து, அச்சிட்ட அட்டவணையிலேயே பிழை இருத்தலைக் கண்டுபிடித்தார்.

ஆயினும் அவரைக் குறையற்ற வீரராகக் காட்டுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. அவருக்கு நீந்தத் தெரியாது. உருகுவே நாட்டுக் கரையிற் கலம் மணலில் ஏறியபோது, நங்கூரம் ஏற்றிய பாதித்தோணி கவிழ்ந்து மயிரிழையிற் பிழைத்தார். மகலன் நீரிணையில் இரவில் ஏறிவந்த அந்நாட்டுப் பழங்குடியினரைத் தடுத்தற்பொருட்டுத் தளத்திற் கூராணிகளைப் பரப்பிவைத்து உறங்கினார். வெறுங்காலுடன் ஏறியோர் அலறி ஓடினர். அந்நிகழ்ச்சியை அவர் நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். குடியேறியோரின் துப்பாக்கியாலும் நோயாலும் அம்மக்கள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. அவர்தம் துயரக் கதையை அந்நூலிற் காண்டல் அரிது. கலத்திலும் ஒரு குறை இருந்தது. அகன்ற வடிவும் உள்ளே இட்ட பாரமும் உடைய அது எளிதிற் சாயாது. ஒருகாற் பெரிதுஞ் சாய்ந்துவிட்டால் தானே நிமிரவும் மாட்டாது எனப் பிற்கால அறிஞர் சிலர் காட்டியுள்ளனர்.

அவுஸ்திரேலியா, மொறீசியஸ், தென்னாபிரிக்கா, செயின்ற் எலேனா ஆகியவற்றைக் கண்டு, 1898ஆம் ஆண்டு யூன் மாதம் 27ஆம் நாள் அவர் நியூபோட் துறைமுகத்தை அடைந்தார். மூன்று ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாளில் 46,000 மைல் ஓடியிருந்தார். கலத்தில் ஒரு துளி நீரும் கசியவில்லை. அவுஸ்திரேலியாவை விட்டபின் நீரிறைக்குங் கருவியைப் பொருத்தவேண்டிய தேவையே எழவில்லை. நகர்ந்துவிடும் என்று முதியவர் எச்சரித்த பருத்தி நூல் நிலைபெயராது நின்றது. சில நாளில் அவர் கலத்தைப் பெயர்ஹேவனுக்கே கொண்டுசென்று, அது முதன்முதல் நீரில் இறங்கிய அன்று கட்டப்பெற்ற அதே தேவதாருத் தறியிற் கட்டினார்.

இறுதியில் அவரைக் கடலே கொண்டது. பயணநூல் 1900ஆம் ஆண்டு வெளிவந்து புகழீட்டியபின் அவர் நிலம் வாங்கிக் கரையில் வாழ முயன்றார், அவ்வாழ்வு பொருந்தவில்லை. முதிர்ந்த அக்கலத்திலேயே தென்னமெரிக்காவை நோக்கித் தனியே புறப்பட்டவர் திரும்பவில்லை. பழைய நூல்கள் இதனை 1909 என்றும், பிற்கால ஆய்வுகள் 1908 என்றும் குறிக்கும். 1924ஆம் ஆண்டு நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாகத் தீர்த்தது. அவர் கைத்திறனைத் தொடர்ந்து பயின்ற வழித்தோன்றலாக எவருங் குறிக்கப்படவில்லை. மரக்கலத் தொழில் அவர் காலத்திலேயே சந்தையை இழந்திருந்தது.

ஈழத்தமிழர் இவ்வரலாற்றை அயலார் கதையென்று ஒதுக்கிவிட இயலாது. சுலோக்கம் பாதித்தோணியைச் செய்துகொண்ட அதே குளொஸ்ரர்த் துறைமுகத்தில், 43 ஆண்டின்பின், 1938ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் மற்றொரு பாய்க்கப்பல் நங்கூரமிட்டது. அது வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி'. சிறு பாய்க்கலமொன்றில் தாமும் உலகைச் சுற்றிய உவில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை வாங்கித் தம் மனைவியாரின் பெயரைச் சூட்டியிருந்தார். அமெரிக்க மீகாமர் ஒருவரின்கீழ் அதனைச் செலுத்திச் சென்றோருள் வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவர் இருந்தனர். வடகரையின் ஓடாவிமார் இட்ட ஏரா அத்திலாந்திக்கின் அலைகளையும் தாங்கிற்று. அக்கரையிலும் பெருமரக்கலத் தொழில் பின்னாளில் அருகியதை யாவரும் அறிவர்.

மரத்தின் வைரத்தைத் தட்டிப் பார்த்தறிதல், வங்குக்காலின் வளைவைக் கண்ணால் அளத்தல், கலப்பற்றின் இறுக்கத்தைக் கைவழி உணர்தல் ஆகியவை நூலால் முழுதும் வந்தடையாத அறிவுகள். ஒருவர் செய்ய, மற்றொருவர் அருகிருந்து கண்டு, கருவியைக் கையில் வாங்கித் தாமும் செய்தாலன்றி அவை நிலைத்தல் அரிது. சுலோக்கத்தின் பயணம் அவர் எழுதிய நூலில் எஞ்சியுள்ளது. அவருடைய வாய்ச்சி அறிந்தவை அவருடனேயே கடலுட் சென்றன. வடகரைத் துறைகளில் அவ்வறிவை இன்னுங் கையில் வைத்திருக்கும் முதிய ஓடாவி ஒருவர் இருப்பாராயின், அவர் அருகே சென்று அமர்தற்குரிய காலம் இதுவே.